மரபணுத் தரவுப் பகிர்வு: கதவும் வேண்டும், காவலும் வேண்டும்

புதுதில்லி: 10,000 இந்தியர்களின் முழு மரபணுத் தொகுப்புத் தரவுகளை ஆய்வாளர்களின் பயன்பாட்டிற்காகப் பிரதமர் நரேந்திர மோடி 2025 ஜனவரி 9 அன்று வெளியிட்டார். இவற்றை யார், எந்த நிபந்தனைகளின் கீழ்ப் பயன்படுத்தலாம் என்பதே இப்போது முக்கியக் கேள்வியாக உள்ளது.

மத்திய உயிரி தொழில்நுட்பத் துறையின் நிதியுதவியுடன் 2020-ல் தொடங்கப்பட்ட ஜீனோம் இந்தியா திட்டத்தில் 20 ஆய்வு நிறுவனங்கள் பங்கேற்றன. 80-க்கும் மேற்பட்ட சமூகக் குழுக்களைச் சேர்ந்தவர்கள் இரத்த மாதிரிகளை வழங்கினர். தரவுகள் ஃபரீதாபாத்தில் உள்ள இந்திய உயிரியல் தரவு மையத்தில் சேமிக்கப்பட்டுள்ளன.

உலகளாவிய மரபணு ஆய்வுகளில் பெரும்பாலானவை ஐரோப்பிய வம்சாவளியினரையே மையமாகக் கொண்டவை. அவற்றின் முடிவுகள் இந்தியர்களுக்கு அப்படியே பொருந்துவதில்லை. இதயத் தசை நோயுடன் தொடர்புடைய ஒரு மரபணு மாற்றம் தெற்காசியர்களில் சுமார் 4 சதவீதம் பேரிடம் காணப்படுவதாக 2009-ல் வெளியான ஆய்வு தெரிவித்தது. இத்தகைய கண்டுபிடிப்புகள் பெருக வேண்டுமெனில், தரவுகள் முடங்கிக் கிடக்கக் கூடாது.

அதே வேளையில், பெயரை நீக்குவது மட்டும் போதிய பாதுகாப்பு ஆகாது. பெயர் நீக்கப்பட்ட மரபணுத் தரவுகளை இணையத்தில் கிடைக்கும் வம்சாவளித் தகவல்களுடன் ஒப்பிட்டு, அமெரிக்க ஆய்வாளர்கள் ஏறத்தாழ 50 பேரை 2013-ல் அடையாளம் கண்டனர். கடவுச்சொல்லை மாற்றலாம், மரபணுவை மாற்ற இயலாது. ஒருவரின் தரவு, ஒப்புதல் ஏதும் அளிக்காத அவரது உறவினர்களையும் வெளிப்படுத்தக்கூடும். மக்கள்தொகை குறைந்த சமூகங்களுக்கு இந்த அபாயம் இன்னும் அதிகம்.

இதனாலேயே, எவரும் பதிவிறக்கம் செய்யலாம் என்ற நிலைக்குப் பதிலாக, விண்ணப்பித்து அனுமதி பெறும் கட்டுப்படுத்தப்பட்ட அணுகல் முறை பின்பற்றப்படுகிறது. இது சரியான பாதையே. எனினும், 2023-ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், தனிநபர் குறித்து முடிவெடுக்கப் பயன்படாத, நிர்ணயிக்கப்பட்ட தரநிலைகளுக்கு உட்பட்ட ஆய்வுகளுக்கு விலக்கு அளிக்கிறது. ஆகவே, தரவு வழங்கியோரைக் காக்கும் பொறுப்பின் பெரும்பகுதி, விண்ணப்பங்களைப் பரிசீலிப்போரையே சார்கிறது.

அனுமதி பெற்றவர் யார், ஆய்வின் நோக்கம் என்ன, மறுக்கப்பட்டால் காரணம் என்ன, முடிவெடுக்கும் காலவரம்பு எவ்வளவு ஆகியவை பொதுவெளியில் வைக்கப்பட வேண்டும். அவ்வாறு செய்தால் சிறிய பல்கலைக்கழகத்தின் ஆய்வாளருக்கும் கதவு திறக்கும்; மாதிரி வழங்கியவரும் தமது தரவு எதற்குப் பயன்பட்டது என்பதை அறிய முடியும். அந்த நம்பிக்கை குலைந்தால், அடுத்த கட்ட ஆய்வுக்கு மாதிரி வழங்க மக்கள் முன்வருவது கடினம்.