திடலில் தொடங்கிய சுயாட்சி

வாஷிங்டனில் உள்ள காலடெட் பல்கலைக்கழகத்தில் 1988 மார்ச் 1 அன்று ஒரு பேரணி நடந்தது. காது கேளாதோருக்காக உருவான அந்தப் பல்கலைக்கழகத்துக்குக் காது கேளாத ஒருவரே தலைவராக வர வேண்டும் என்பது கோரிக்கை. பேரணி தொடங்கிய இடம் வளாகத்தின் கால்பந்துத் திடல். ஆட்கள் கூடுவதற்கு வசதியான திறந்தவெளி என்று மட்டும் அதைக் கடந்துபோக எனக்கு மனம் வரவில்லை.

1864இல் ஆபிரகாம் லிங்கன் கையெழுத்திட்ட சட்டத்தால் பட்டம் வழங்கும் உரிமை பெற்ற நிறுவனம் அது. அன்றிலிருந்து 124 ஆண்டுகள் தலைவர் நாற்காலியில் அமர்ந்தவர்கள் அத்தனை பேரும் காது கேட்பவர்கள். அதே வளாகத்தில் 1883இல் கால்பந்து அணி உருவானது. அந்த அணியில் ஆட்டத்தைத் திட்டமிட்டதும் உத்தரவு கொடுத்ததும் தோல்விக்குப் பொறுப்பேற்றதும் காது கேளாத மாணவர்கள். அலுவலகத்தில் ஒரு நூற்றாண்டுக்கும் மேலாக மறுக்கப்பட்ட அதிகாரம் திடலில் முதல் நாளிலிருந்தே அவர்கள் கையில் இருந்தது. சுமார் 1,500 மாணவர்கள் மட்டுமே படிக்கும் ஒரு சிறிய பல்கலைக்கழகத்தின் விளையாட்டு வரலாற்றை வெற்றி தோல்விக் கணக்காகப் படித்தால் இது கண்ணில் படாது.

இங்கே கால்பந்து என்பது அமெரிக்கக் கால்பந்து. முட்டை வடிவப் பந்தைக் கையில் அணைத்துக்கொண்டு ஓடுவதும், எதிரணி பாய்ந்து மறிப்பதுமான முரட்டு ஆட்டம். அது அந்த வளாகத்தில் வேரூன்றிய காலத்தைக் கவனிக்க வேண்டும். 1880இல் இத்தாலியின் மிலான் நகரில் கூடிய கல்வியாளர் மாநாடு, காது கேளாத குழந்தைகளுக்குச் சைகை மொழியை விலக்கி வாய்ப்பேச்சின் வழியாகவே கற்பிக்க வேண்டும் என்று தீர்மானித்தது. வாக்களிக்கக் கூடிய கூட்டத்தில் காது கேளாதவர் ஜேம்ஸ் டெனிசன் ஒருவர்தான். காலடெட் வளாகத்துப் பள்ளியின் தலைமையாசிரியர் அவர். அங்கே போயிருந்த கல்லூரித் தலைவர் எட்வர்ட் மைனர் காலடெட் காது கேட்பவர். ஆனால் காது கேளாத தாயிடம் வளர்ந்தவர். அமெரிக்கப் பிரதிநிதிகள் தீர்மானத்தை எதிர்த்துத் தோற்றுத் திரும்பினார்கள். அடுத்த ஆண்டு, 1881இல், அந்த வளாகத்தில் ஓர் உடற்பயிற்சிக்கூடம் எழுந்தது. ‘ஓல் ஜிம்’ என்று செல்லமாக அழைக்கப்படும் அந்தக் கட்டடம் இன்றும் நிற்கிறது. உலகெங்கும் வகுப்பறைகளில் சைகை மொழி துரத்தப்பட்ட அந்தப் பல பத்தாண்டுகளில், யாரும் தட்டிக்கேட்காமல் கைகள் பேசிய இடங்களில் விளையாட்டுத் திடலும் ஒன்று.

அந்தத் திடலில் 1894இல் பிறந்ததாகச் சொல்லப்படும் ஒரு வழக்கத்தை இன்று உலகம் முழுவதும் பார்க்கிறோம். கிரிக்கெட்டில் ஆட்டம் தொடங்குமுன் வீரர்கள் தோளில் கைபோட்டு வட்டமாகக் குனிந்து நிற்கிறார்களே, அந்த ‘ஹடுல்’தான். அன்றைய காலடெட் அணியின் குவார்ட்டர்பேக் பால் ஹப்பர்ட். அடுத்த நகர்வு என்ன என்பதைத் தன் வீரர்களுக்குச் சொல்ல வேண்டியவர். காது கேட்கும் அணிகளோடு மோதும்போது அவர் நட்டநடுத் திடலில் நின்று வெளிப்படையாகச் சைகை காட்டலாம். எதிரில் நிற்பவர்களுக்கு ஒன்றும் விளங்காது. எதிரணியும் காது கேளாதோர் அணியாக இருந்தால்தான் சிக்கல். அவர் கையசைவதற்குள் அவர்கள் திட்டத்தைப் படித்துவிடுவார்கள். ஆகவே வீரர்களை நெருக்கமாக வட்டம் கட்டச் சொல்லி, அந்த மதிலுக்குள் சைகை செய்தார்.

இந்தச் செய்தி பெரும்பாலும் ஒரு குறையை ஈடுகட்டக் கண்ட உபாயமாகவே எழுதப்படுகிறது. எனக்கு அது தலைகீழாகத் தெரிகிறது. மறைக்க வேண்டிய அவசியம் எங்கிருந்து வந்தது? எதிரிக்கும் அந்த மொழி சரளமாகத் தெரியும் என்பதிலிருந்து. ஒரு முழுமையான மொழியைப் பேசும் சமூகம் அங்கே இருந்ததால்தான் ஒட்டுக்கேட்பு, இங்கே ஒட்டுப்பார்ப்பு, என்ற கவலையே எழுந்தது. சிகாகோவின் ஏமஸ் அலோன்சோ ஸ்டாக், இல்லினாயின் பாப் ஸப்கி ஆகியோருக்கும் ஹடுலைக் கண்டுபிடித்த பெருமையைத் தருபவர்கள் உண்டு. ஒரே தேவை பல இடங்களில் ஒரே விடையைத் தந்திருக்கலாம். அதனால் ஹப்பர்டின் இடம் குறைந்துவிடாது. ‘தேசியக் காதுகேளாத-ஊமையர் கல்லூரி’ என்று இருந்த நிறுவனம் காலடெட் கல்லூரி என்று பெயர் மாறியதும் அதே 1894இல்தான்.

ஹடுல் கலைந்த பிறகு பந்து நகரும் கணத்தை எப்படி அறிவது? காது கேட்கும் அணியில் குவார்ட்டர்பேக் குரல் கொடுப்பார். குறித்த ஒலியில் எல்லோரும் பாய்வார்கள். காலடெட்டில் பிற்காலத்தில் எல்லைக்கோட்டருகே ஒரு பெரிய மேளத்தை வைத்தார்கள். எத்தனையாவது அடியில் பந்து நகரும் என்பதை முன்கூட்டியே பேசிக்கொள்வார்கள். திருவிழாக் கூட்டத்தில் மேளக்காரருக்குப் பக்கத்தில் நின்றவர்களுக்குத் தெரியும், அந்த அடி காதுக்கு முன்னால் நெஞ்சில் விழும். அப்படி உடம்பால் எண்ணிப் பாய்ந்தார்கள். மேளம் இல்லாத வேளையில் பந்தை ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டே எதிராளியை மறிக்கும் பயிற்சி கைகொடுத்தது. நடுவரின் விசில் கேட்காது என்பதால், எப்போது நிற்பது என்பதையும் கண்ணால்தான் பிடிக்க வேண்டும். கணம் தப்பினால் தண்டனை. இன்று பெரிய தொழில்முறை அணிகள் எதிரூர் ரசிகர்களின் இரைச்சலில் குரல் எடுபடாதபோது ஒலியில்லாமல் எண்ணித்தான் ஆட்டத்தைத் தொடங்குகின்றன. விதிவிலக்கான சூழலில் அவர்கள் கைக்கொள்வது காலடெட் வீரர்களுக்கு அன்றாடப் பாடம்.

ஹப்பர்ட் படிப்பு முடிந்து கான்சாஸ் மாநிலக் காதுகேளாதோர் பள்ளிக்குப் போய் அங்கே கால்பந்தைக் கொண்டுசேர்த்தார். கல்லூரியில் படித்தவர்கள் உறைவிடப் பள்ளிகளுக்கு ஆசிரியர்களாகப் போவதும், அங்கே அணி கட்டுவதும், அந்த அணிகளிலிருந்து பையன்கள் மீண்டும் காலடெட்டுக்கு வருவதும் ஒரு சுழற்சியாக மாறின. ஓர் ஊரில் தனியாளாக இருந்த காது கேளாத இளைஞனை இன்னோர் ஊரின் இளைஞனோடு இணைத்தவற்றில் இந்த ஆட்டங்களுக்குப் பெரிய பங்குண்டு. 1945இல் ஓஹையோ மாநிலத்தின் ஆக்ரன் நகரில் அமெரிக்கக் காதுகேளாதோர் தடகளச் சங்கம் உருவானது. நடத்தியவர்களும் காது கேளாதவர்களே. உலக அளவில் இதே போக்கு இன்னும் முன்னதாகத் தொடங்கிவிட்டது. 1924இல் பாரிசில் நடந்த முதல் போட்டிதான் இன்றைய டெஃப்லிம்பிக்ஸின் தொடக்கம். அதை முன்னின்று நடத்திய யூஜின் ரூபன்ஸ்-அல்கே காது கேளாதவர். பாராலிம்பிக்ஸ் உருவாவதற்குப் பல பத்தாண்டுகள் முன்னரே இது தனி மேடையாக நின்றுவிட்டது. 1965இல் வாஷிங்டன் அதை நடத்தியது. 2022இல் பிரேசிலில் நடந்த டெஃப்லிம்பிக்ஸ் இறகுப்பந்தில் மதுரையின் ஜெர்லின் அனிகா மூன்று தங்கம் வென்று வந்தது அந்த மேடையிலிருந்துதான்.

இந்த வரலாற்றில் பெருமையோடு மட்டும் சொல்ல முடியாத பக்கமும் உண்டு. 1943இல் காலடெட் கூடைப்பந்து அணி மேசன்-டிக்சன் கூட்டமைப்பின் கோப்பையை வென்றது. மாற்று ஆட்கள் ஏறக்குறைய இல்லாமலேயே ஐந்து பேர் தொடர்ந்து ஆடி, காது கேட்கும் கல்லூரிகளை அடுத்தடுத்து வீழ்த்தினார்கள். ‘ஐந்து இரும்பு மனிதர்கள்’ என்று இன்றும் அவர்களைக் கொண்டாடுகிறார்கள். கொண்டாட வேண்டியதுதான். ஆனால் அந்த ஐவர் ஆடிய கல்லூரியில் கறுப்பின மாணவர்களுக்கு இடமில்லை. 1905 முதல் வாஷிங்டனின் கறுப்பினக் காதுகேளாத குழந்தைகள் அந்த வளாகத்துப் பள்ளியிலிருந்தே வெளியேற்றப்பட்டு, மேரிலாந்தில் இருந்த வேறொரு பள்ளிக்கு அனுப்பப்பட்டார்கள். 1952இல் பெற்றோர் நீதிமன்றத்துக்குப் போய் வென்ற பிறகும் அவர்களைத் தனிக் கட்டடத்தில், தனி ஆசிரியர்களிடம் உட்காரவைத்தார்கள். காலடெட்டில் பட்டம் பெற்ற முதல் கறுப்பினத்தவரான ஆண்ட்ரூ ஃபாஸ்டர் 1954இல்தான் வெளியே வந்தார். அந்தத் தனிக் கட்டடத்தில் படித்த 24 மாணவர்களுக்குப் பல்கலைக்கழகம் 2023இல் சான்றிதழ் வழங்கி மன்னிப்புக் கேட்டது. தன்னை ஒதுக்கிய உலகத்தோடு சமமாக மோதி வென்ற ஒரு சமூகம், தனக்குள் இன்னொருவரை ஒதுக்கியே அந்த அணியைக் கட்டியது. எத்தனை நல்ல ஆட்டக்காரர்களை அந்த நிறக்கோடு திடலுக்கு வெளியே நிறுத்தியிருக்கும் என்று எண்ணாமல் 1943இன் கோப்பையை என்னால் பார்க்க முடியவில்லை.

பெண்களுக்குக் கல்லூரியின் கதவு 1887இல் திறந்தது. ஆனால் சமமான விளையாட்டு வாய்ப்பு, 1972இல் வந்த ‘ஒன்பதாம் தலைப்பு’ எனும் கூட்டாட்சிச் சட்டத்துக்குப் பிறகே அமெரிக்கக் கல்லூரிகளில் கட்டாயமானது. அதன் அறுவடையைக் காலடெட்டில் 1990களின் இறுதியில் பார்த்தார்கள். மின்னசோட்டாவிலிருந்து வந்த ரோண்டா ஜோ மில்லர் கூடைப்பந்தில் 2,500 புள்ளிகளுக்கும் மேல் குவித்தார். கைப்பந்திலும் முன்னணி ஆட்டக்காரர். அவர் காலத்தில் மகளிர் கூடைப்பந்து அணி தேசியப் போட்டியில் கடைசிப் பதினாறு அணிகளுள் ஒன்றாக முன்னேறியது. ஆடவர் கால்பந்துக்குக் கிடைக்கும் புகழில் பாதிகூட அந்த அணிக்குக் கிடைக்கவில்லை. என் கணிப்பில் காலடெட் விளையாட்டின் மிகச் சிறந்த ஆண்டுகள் அவைதான்.

மீண்டும் 1988. மார்ச் 6 அன்று அறங்காவலர் குழு மூன்று வேட்பாளர்களில் காது கேட்கும் ஒரே ஒருவரான எலிசபெத் ஜின்சரைத் தேர்ந்தெடுத்தது. மாணவர்கள் வாயில்களை அடைத்தார்கள். ஒரே வாரத்தில் ஜின்சர் விலகினார், அறங்காவலர் குழுத் தலைவர் விலகினார், இளம் வயதில் விபத்தில் செவித்திறனை இழந்த ஐ. கிங் ஜோர்டன் தலைவரானார். அவர் நெடுந்தூர ஓட்டக்காரர் என்பதும் இங்கே பொருத்தமாக அமைந்துவிட்டது. விளையாட்டுதான் இந்த வெற்றியைத் தந்தது என்று சொன்னால் மிகையாகும். 1892 முதல் மாணவர்கள் நடத்திவந்த ‘பஃப் அண்ட் ப்ளூ’ பத்திரிகை, மாணவர் பேரவை, மன்றங்கள் எல்லாமே தம்மைத் தாமே ஆளும் பழக்கத்தை ஊட்டி வளர்த்தவை. ஆனால் காது கேட்பவர்களை நேருக்கு நேர் எதிர்கொண்டு, அவர்களின் விதிகளின்படியே மோதிப் பார்த்த அனுபவத்தைப் பத்திரிகையோ மன்றமோ தந்திருக்க முடியாது. அது திடலின் கொடை.

அந்தக் கொடைக்கு இன்று வந்திருக்கும் ஆபத்து எளிதில் புலப்படாத ஒன்று. 1975இல் இயற்றப்பட்ட மாற்றுத்திறனாளிக் குழந்தைகளுக்கான கல்விச் சட்டம் காது கேளாத பிள்ளைகளுக்கு வீட்டருகே உள்ள பொதுப் பள்ளிகளைத் திறந்துவிட்டது. நல்ல நோக்கம்தான். ஆனால் உறைவிடப் பள்ளிகளில் சேர்க்கை குறைந்தது. அணி கட்டி ஆள் அனுப்பிய அந்தப் பழைய சுழற்சி தளர்ந்தது. காலடெட் கால்பந்து அணியும் 1990களில் தேசியக் கல்லூரி விளையாட்டுக் கழகத்தின் போட்டிகளிலிருந்து இறங்கிக் கிளப் அளவில் ஆட நேர்ந்தது. 2007இல்தான் மீண்டது. 2013இல் வழக்கமான பருவத்தில் ஒன்பது ஆட்டங்களை வென்று, தன் வரலாற்றில் முதன்முறையாகத் தேசியத் தகுதிச்சுற்றுக்குப் போய், முதல் சுற்றில் ஹோபார்ட் கல்லூரியிடம் தோற்றது. அது ஆடும் மூன்றாம் பிரிவில் விளையாட்டுக்கென உதவித்தொகை கிடையாது. பொதுப் பள்ளிகளில் தனியாக வளர்ந்து, சைகை மொழி அரைகுறையாகத் தெரிந்து வந்து, அணிக்குள்தான் அதைக் கற்றவர்கள் அந்த வீரர்களில் உண்டு. கல்லூரி விளையாட்டின் செலவுக் கணக்குப் பார்ப்பவர்கள் இதை எந்தப் பத்தியில் எழுதுவார்கள் என்று தெரியவில்லை. மொழித் துறையின் வேலையைத் திடல் செய்கிறது.

2023 அக்டோபர் 7 அன்று ஏடி அண்ட் டி நிறுவனத்தோடு சேர்ந்து உருவாக்கிய தலைக்கவசம் ஒன்றை அணிந்து காலடெட் குவார்ட்டர்பேக் ஆடினார். பயிற்சியாளர் கையடக்கத் திரையில் தொடும் திட்டம், வீரரின் கண்முன் உள்ள சிறு கண்ணாடியில் எழுத்தாகத் தெரியும். ஹில்பர்ட் கல்லூரியை அன்று 34-20 என்று வென்றார்கள். செய்திகள் இதைத் தொழில்நுட்பம் காட்டிய கருணையாகக் கொண்டாடின. தொழில்முறைக் கால்பந்தில் குவார்ட்டர்பேக்கின் காதில் பயிற்சியாளரின் குரல் ஒலிக்க 1994 முதலே அனுமதி உண்டு. கண்ணில் எழுத்தாக அதே செய்தி தெரிவதற்குக் காலடெட் கேட்டபோது கல்லூரி விளையாட்டுக் கழகம் தந்த அனுமதி முதலில் ஒரே ஓர் ஆட்டத்துக்கு. அணியைத் தாமே நடத்தும் உரிமை 1883இலும், பல்கலைக்கழகத்தைத் தாமே நடத்தும் உரிமை 1988இலும் வந்தன. விதிகளை எழுதும் குழுக்களில் காது கேளாத ஆட்டக்காரர்களும் பயிற்சியாளர்களும் நிரந்தரமாக அமர வேண்டும் என்பது அடுத்த கோரிக்கையாக எழ வேண்டும்; எழுந்தால் நான் அவர்கள் பக்கம்.