பட்டறையைப் பாராத சுற்றுலா

பாய்மரப் படகையே வீடாகக் கொண்டு கரிபியன் தீவுகளிடையே வாழ்வோரின் தொகை சிறிதன்று. வட அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் உழைத்து ஓய்வுபெற்றவர்கள் அவர்களுட் பலர். திசெம்பர் முதல் மே வரை கிழக்கிலிருந்து சீராக வீசும் வாணிபக் காற்று அவர்களைத் தீவுக்குத் தீவு கொண்டு செல்கிறது. யூன் தொடங்கி நவம்பர் முடியும்வரை புயற்காலம். அப்போது தெற்கே கிரனடாவுக்கோ திரினிடாட்டுக்கோ இறங்கிவிடுவர். அல்லது படகைக் கரையேற்றிக் கட்டிவைத்துவிட்டு ஊர் திரும்புவர். வெளியிலிருந்து பார்ப்போருக்கு இது முடிவில்லாத விடுமுறையாகத் தோன்றும். நான் கண்டவரையில், அந்த வாழ்க்கையின் பெரும்பகுதி திருத்தவேலையிலேயே கழிகிறது.

உப்புநீர் எதையும் விட்டுவைப்பதில்லை. இருவேறு உலோகங்கள் கடல்நீரில் ஒன்றையொன்று தொட்டிருந்தால் அவற்றுள் ஒன்று அரிபடும். அதனாலேயே படகின் அடியில் நாகத்துண்டுகளைப் பொருத்தி, அரிப்பை அவையே ஏற்கும்படி செய்கிறார்கள். அவை கரையக் கரையப் புதியன பூட்ட வேண்டும். பாசியும் கொட்டலசும் ஒட்டாதிருக்க, செப்புக் கலந்த வர்ணத்தை அடிப்பாகத்தில் மீண்டும் மீண்டும் பூச வேண்டும். வெயில் பாய்களின் தையலை இற்றுப்போகச் செய்கிறது. இயந்திரத்தைக் குளிர்விக்கும் கடல்நீர்ப் பம்பியின் இறப்பர்ச் சுழலி எந்த நாளில் கிழியும் என்று எவராலும் சொல்ல இயலாது.

இந்தப் படகுவாசிகள் தம் நாட்களை இரண்டு கணக்கில் எழுதுகிறார்கள். கரையிறங்கி ஊர் பார்த்த நாட்கள் இன்பக் கணக்கில். திருத்தவேலைக்காகக் காத்திருந்த நாட்கள் நட்டக் கணக்கில். இந்தப் பிரிப்பே தவறானது என்பது என் கருத்து. ஒரு தீவை உள்ளபடி அறிவதற்கு அருவியையும் கோட்டையையும்விடப் பட்டறையே நல்ல வாயில்.

இதற்கு அன்ரிகுவாத் தீவின் இங்கிலிஷ் ஹாபரை விடச் சிறந்த சான்று கிடையாது. குறுகிய வாயிலும் சூழக் குன்றுகளும் கொண்ட அந்தக் குடாவில், 18ஆம் நூற்றாண்டில் பிரித்தானியக் கடற்படை தன் கப்பல் தளத்தை அமைத்தது. நோக்கம் ஒன்றே: புயலுக்கு ஒதுங்கவும், இங்கிலாந்துக்குத் திரும்பாமலே கப்பல்களைச் செப்பனிடவும் ஓரிடம். பெரும் சுழல் உருளைகளில் வடங்களைச் சுற்றி, கப்பலை ஒருபுறமாகச் சாய்த்து, அதன் அடிப்பாகத்தைச் சுரண்டித் துப்புரவாக்கினார்கள். 1889இல் கடற்படை அத்தளத்தைக் கைவிட்டது. பின்னர் அது புதுப்பிக்கப்பட்டு 1961இல் மீளத் திறக்கப்பட்டது. யுனெஸ்கோ 2016இல் அதனை உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்த்தது. செப்புத் தகடும் மரமும் வைத்திருந்த பண்டகசாலை தங்கும் விடுதியாக மாற்றப்பட்டது. அன்ரிகுவாவுக்கு வரும் பயணி காணத் தவறாத இடம் இது. அவர் அங்கு காண்பது ஒரு பழைய திருத்தகம் என்பதைத்தான் கவனிப்பதில்லை.

அத்தளத்துக்கு இன்று நெல்சனின் பெயர் வழங்குகிறது. 1784 முதல் 1787 வரை ஓர் இளம் கப்பற் தலைவராக அவர் அக்கடற்பகுதியிற் பணியாற்றினார். தீவை அவர் விரும்பவுமில்லை. ஆனால் அந்தத் தளத்தைக் கட்டியவர்களும், அதில் உழைத்தவர்களிற் பெரும்பாலோரும் ஆபிரிக்காவிலிருந்து கொண்டுவரப்பட்ட அடிமைகளும் அவர்களுடைய சந்ததியினருமே. தச்சர், கொல்லர், பாய் தைப்போர், கலப்பற்று வேலைக்காரர் என அவர்களுக்குள் தேர்ந்த தொழிலாளர் இருந்தனர். 1744 மார்ச் 8ஆம் திகதி அங்கே நிகழ்ந்த வெடிவிபத்தில் அவர்களுள் எட்டுப் பேர் இறந்தனர். அந்த நாளின் பெயரிலேயே ஒரு திட்டம் வகுத்து, உழைத்தவர்களின் பெயர்களை ஆய்வாளர்கள் பழைய ஆவணங்களிலிருந்து தேடி எடுத்து வருகிறார்கள். மூன்றாண்டு தங்கியவரின் பெயர் வாயிலில் நிற்க, தலைமுறை தலைமுறையாக உழைத்தவர்களின் பெயர்களைத் தேட வேண்டியிருக்கிறது.

அது அடிமைக் காலம், இன்று நிலை வேறு என்று கூறுவோர் உண்டு. நிலை வேறுதான், பார்வை அவ்வளவாக மாறவில்லை. சில ஆண்டுகளுக்கு முன், ரொறன்ரோவில் வாழும் நண்பர் தம்பதியரின் படகில் அன்ரிகுவாவில் மூன்று கிழமை தங்கியிருந்தேன். பம்பியின் அச்சுத்தண்டு அரித்துப் போயிற்று. புதியது வெளிநாட்டிலிருந்து வர இரண்டு கிழமையாகும் என்றார்கள். கரையோரச் சிறு பட்டறை ஒன்றில், அறுபது வயது மதிக்கத்தக்க ஒருவர் பழைய தண்டை விரலால் தடவிப் பார்த்து, அளவெடுத்து, துருப்பிடிக்காத உருக்குக் கோலொன்றைக் கடைசல் இயந்திரத்தில் ஏற்றினார். மறுநாள் மாலைக்குள் புதிய தண்டு கையில் இருந்தது. அன்று காலையிற் கப்பல் தளத்தின் நுழைவுக் கட்டணத்தை மறுபேச்சின்றிச் செலுத்திய வேறொரு படகுக்காரர், அதே பட்டறையிற் கூலியைக் குறைக்கச் சொல்லி அரைமணி நேரம் வாதாடிக்கொண்டிருந்தார்.

தீவுக்காரர் மெத்தனமானவர்கள் என்ற முறைப்பாட்டையும் படகுவாசிகளிடம் அடிக்கடி கேட்கலாம். அன்ரிகுவாவின் பரப்பு 281 சதுர கிலோமீற்றர். அத்தகைய தீவில் ஆணியும் பசையும் உருக்குக் கம்பியும் கடலையோ வானையோ கடந்துதான் வந்தாக வேண்டும். சுங்கத்திற் பொருள் கிடந்தால் வேலை நிற்கும். மழை பெய்தால் வர்ணம் காயாது. இவற்றுக்கெல்லாம் பழி, கடைசியில் ஆயுதத்தைக் கையில் எடுப்பவன் தலையில் விழுகிறது. கூடுதலாகக் கேட்போரும் சொன்ன நாளில் வராதோரும் எல்லா ஊர்களிலும் இருக்கிறார்கள் என்பதை நான் மறுக்கவில்லை. ஒருவரின் குறையை ஒரு தீவின் இயல்பாக்குவதையே மறுக்கிறேன்.

கிரனடாவுக்கு உரிய கரியாக்குத் தீவுக்கு நேர்ந்தது இதை இன்னும் தெளிவாக்கும். அத்தீவின் வின்ட்வேட் கிராமத்தில், வரைபடமின்றிக் கண்ணளவாலேயே மரப்படகு கட்டும் கலை தலைமுறைகளாக வாழ்ந்து வருகிறது. ஸ்கொட்லாந்துக் குடியேறிகளின் வழியும் ஆபிரிக்க வழியும் கலந்த சமூகத்தின் சொத்து அது. யுனெஸ்கோ 2023இல் அதனை அருவ மரபுரிமையாக ஏற்றது. 2024 யூலை முதலாம் திகதி பெரில் சூறாவளி மணிக்கு ஏறத்தாழ 240 கிலோமீற்றர் வேகக் காற்றுடன் கரியாக்குவைத் தாக்கியது. அங்கே சேதமடையாத கட்டடத்தைக் காண்பது அரிதாயிற்று. கண்டற் காட்டுக்குள் பாதுகாப்புக்காகக் கட்டியிருந்த படகுகள் ஒன்றன்மேல் ஒன்றாகக் கவிழ்ந்தன. அப்படகுகளை நிமிர்த்த வேண்டியவர்களின் வீடுகளுக்கே கூரை இருக்கவில்லை. படகுக்குக் காப்புறுதி இருந்தவர் இழப்பீடு பெற்று வேறு துறைமுகம் தேடலாம். ஓடாவி எங்கே போவார்? அவர் தீவை விட்டுப் போனால், அவருடன் அவர் கண்ணளவும் போய்விடும்.

இது நமக்குப் புதிய கதையன்று. வல்வெட்டித்துறையிற் கட்டப்பட்ட ‘அன்னபூரணி’, ‘புளோரன்ஸ் சி. றொபின்சன்’ என்ற புதுப் பெயருடன் அத்திலாந்திக்கைக் கடந்து, 1938 ஓகஸ்ற் மாதத்தில் அமெரிக்காவின் குளொஸ்டர் துறைமுகத்தை அடைந்தது. அதனை விலைக்கு வாங்கிய வில்லியம் அல்பேட் றொபின்சன், முன்னரே சிறு படகொன்றில் உலகைச் சுற்றியவர். எந்த ஊர் ஓடாவியைத் தேடிப் போகவேண்டும் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. அக்கப்பலின் பெருமையை ஆண்டுதோறும் பேசுகிறோம். அதன் ஏராவை இட்டவர்களின் பெயர்களை நம்மில் எத்தனை பேர் அறிவோம்?

மரபுரிமைப் பட்டியல்கள் தேவையானவையே. ஆயினும் கற்சுவரைக் காப்பதற்குக் காசு போதும். கைத்தொழிலைக் காப்பதற்கு வேலையும் கூலியும் கற்க வரும் இளைஞரும் வேண்டும். கரிபியனில் அந்த வேலையைக் கொண்டுவருபவர்களுள் படகுவாசிகளும் அடங்குவர். ஆகவே பழுதான படகுடன் அங்கே போய்ச் சேருவோரிடம் கேட்டுக்கொள்வது இவ்வளவே: பட்டறைக்காரரின் பெயரைக் கேட்டறியுங்கள், கூலியைக் குறையாமற் கொடுங்கள், அவருக்குப்பின் அந்த வேலையைக் கற்பவர் யாரென்றும் விசாரியுங்கள். அதன் பின்னர் கோட்டையையும் அருவியையும் தாராளமாகப் பாருங்கள்.