கேமரன் மலை: கட்டுரைக்குள் அடங்காத ஊர்கள்



கேமரன் மலையைப் பற்றிக் கட்டுரை எழுதுமாறு நம் தமிழ்ப்பள்ளி மாணவர்களிடம் சொல்லிப் பாருங்கள். இயற்கை எழில் கொஞ்சும் மலை, கண்ணுக்குக் குளிர்ச்சியான தேயிலைத் தோட்டம், ஸ்ட்ராபெர்ரி பறித்து மகிழ்ந்தோம் என ஒரே அச்சில் வார்த்தாற்போல் எழுதித் தருவார்கள். குற்றம் பிள்ளைகளுடையதன்று, மாதிரிக் கட்டுரைகளை மனனம் செய்யச் சொல்லும் பயிற்றுநூல்களுடையது. 2021இல் யூ.பி.எஸ்.ஆர். தேர்வே எடுக்கப்பட்டும் அந்த அச்சு இன்னும் உடையவில்லை!

ஈப்போவை அடுத்த சிம்பாங் பூலாயிலிருந்து மலையேறிப் பேராக் எல்லையைக் கடந்தால் கம்போங் ராஜா வரும். அருகே கோல தெர்லா, புளூ வேலி. சரிவெங்கும் நெகிழிக் கூரைகள். சுற்றுலாப் பயணிகளுக்கு அவை கண்ணை உறுத்தலாம். ஆனால், கூரை இல்லையேல் மலைமழை மண்ணையும் உரத்தையும் சேர்த்தே அடித்துச் செல்லும். தக்காளியும் குடைமிளகாயும் அழுகிப்போகும். ஈப்போச் சந்தையில் நாம் பேரம் பேசும் முட்டைக்கோசு, இந்தக் குளிரில் விளைந்து லோரியில் இறங்கி வருவது.

நீரின் கதை இன்னும் வியப்பானது. தெலோம், பெர்த்தாம் ஆறுகள் இயல்பாகக் கிழக்கே, பகாங் ஆற்றை நோக்கிச் செல்பவை. 1960களில் மலையைக் குடைந்து தெலோம் நீரைப் பெர்த்தாமுக்குத் திருப்பினர்; ரிங்லெட் ஏரியில் தேக்கினர்; அங்கிருந்து மேற்கே பேராக்கின் பத்தாங் பாடாங் பக்கம் இறக்கி மின்சாரம் எடுத்தனர். காடழித்த மண் அந்த ஏரியில்தான் படிகிறது. 2013 அக்டோபர் 23ஆம் நாள் அதிகாலையில் சுல்தான் அபு பாக்கார் அணையிலிருந்து திறக்கப்பட்ட நீர், பெர்த்தாம் பள்ளத்தாக்கில் உயிர்களையே பறித்தது. இது எந்த மாதிரிக் கட்டுரையில் இருக்கிறது?

இனி, நிலம். மலை விவசாயிகள் பலர் பல்லாண்டுகளாக டி.ஓ.எல். எனும் ஓராண்டு உரிமத்தை நம்பியே பயிரிட்டனர். அதுவும் கிடைக்காதவர்கள் உரிமமின்றியே உழைத்தனர். 2019 ஜனவரியில், குடிநீர் எடுக்கும் ஆறு மாசுபடுகிறது என்று கூறி, கோல தெர்லாவில் காய்கறித் தோட்டங்களை இடித்தார்கள். பாதிக்கப்பட்டோருள் தமிழர்கள் பலர். அதே மாதம் 26ஆம் நாள் இடைத்தேர்தல் வேறு!

ஆறு மாசுபடவில்லை என்று நான் வாதிடமாட்டேன். பூச்சிமருந்தும் உரமும் ஓடையில் கலப்பது உண்மை. காட்டை அத்துமீறி வெட்டியவர்களும் உண்டு. ஆயினும், அடுத்த ஆண்டு இந்த நிலம் தன்னிடம் இருக்குமா என்று அறியாதவன் எதை நம்பித் தடுப்புச் சுவர் கட்டுவான்? வண்டல் குழி வெட்டுவான்? நிலையான குத்தகையைக் கொடுத்துவிட்டு, நிபந்தனையையும் கடுமையாக விதியுங்கள். உரிமையைத் தராமல் பொறுப்பை மட்டும் கேட்பது எந்த ஊர் நியாயம்?

பேராக்கின் இரப்பர்த் தோட்டங்களில் இதைத்தானே கண்டோம்? காட்டைத் திருத்தியவர்கள் நம் பாட்டன் பாட்டிமார். தோட்டம் துண்டாடப்பட்டபோதும், செம்பனைக்கும் வீடமைப்புக்கும் மாறியபோதும், லயத்தைவிட்டு வெறுங்கையோடு வெளியேறியோர் எத்தனை பேர்!

பிள்ளைகளுக்கு எதற்கு அரசியல் என்று சில ஆசிரிய நண்பர்கள் கேட்கக்கூடும். ஆறு எத்திசையில் ஓடுகிறது என்பதும், நிலம் யாருடையது என்பதும் அரசியல் என்றால், புவியியல் பாடத்தையே மூட்டைகட்டி வைத்துவிடலாமே!

அடுத்த தவணைக்குத் தலைப்பை மாற்றிக் கொடுங்கள்: "கோல தெர்லாவில் ஒரு தக்காளித் தோட்டம்". தொடக்க வரியை மாணவர்களே எழுதட்டும்.