அலாரம் அடித்தால் வரப்போவது யார்?

யாழ்ப்பாணத்தின் உள்வீதிகளில் இப்போது கட்டப்படும் வீடுகளில் மதிலும் கமராவும் சேர்ந்தே எழுகின்றன. வாள்வெட்டுக் குழுக்கள் பற்றிய செய்திகள், முதியவர்கள் தனித்திருக்கும் வீடுகளில் நடக்கும் நகைக் கொள்ளைகள், வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகளின் பயம் எல்லாம் சேர்ந்து இதற்கென்று ஒரு சந்தையை உருவாக்கியிருக்கின்றன. கமரா எத்தனை மெகாபிக்சல், எத்தனை நாள் பதிவு நிற்கும் என்றெல்லாம் கடைக்காரர் சொல்வார். இரவு 2 மணிக்குச் சத்தம் எழும்பினால் அதைக் கேட்டு யார் வருவார் என்று அவர் சொல்வதில்லை. நானறிய, வாங்குபவர்களும் கேட்பதில்லை.

கமரா நடந்ததைப் பதிவு செய்யும். அலாரம் ஆளைக் கூப்பிடும். கூப்பிட்டால் வருவதற்கு ஆள் வேண்டும். இங்கே இரவு 2 மணி என்றால் ரொறன்ரோவில் பின்னேரம். வேலையில் நிற்கும் மகனின் கைத்தொலைபேசிக்கு எச்சரிக்கை போகிறது. அவரால் செய்யக்கூடியது, திரும்ப இங்கே யாருக்காவது அழைப்பு எடுப்பதுதான்.

119 இருக்கிறதே என்று சொல்லலாம். பொலிஸ் நிலையங்களில் இரு மொழியும் தெரிந்த அலுவலர்கள் 24 மணிநேரமும் இருக்க வேண்டும் என்று கற்றுக்கொண்ட பாடங்கள் மற்றும் நல்லிணக்க ஆணைக்குழு தன் அறிக்கையில் பரிந்துரைத்தது 2011 இல். அவசர நேரத்தில் தன் மொழியில் முகவரி சொன்னால் விளங்கிக்கொள்வார்களா என்ற சந்தேகம் எங்கள் முதியவர்களுக்கு இன்னும் போகவில்லை. அதே 2011 ஆகஸ்டில் கிறீஸ் பூதப் பீதி பரவியபோது, நாவாந்துறையில் மர்ம மனிதர்களைத் துரத்திய மக்களையே வீடு புகுந்து இராணுவத்தினர் தாக்கினார்கள். உதவி கேட்பதற்கு முன் எங்கள் சனம் ஒருகணம் யோசிப்பதற்குக் காரணம் இருக்கிறது.

ஆகவே முதலில் வரக்கூடியவர்கள் அயலட்டைதான். ஆனால் கிடுகு வேலி இருந்த இடத்தில் இன்று ஏழடி மதில் நிற்கிறது. உள்ளே மட்டும் ஒலிக்கும் சைரன் அடுத்த வீட்டின் மூடிய யன்னலைத் தாண்டாது. சைரன் ஒன்றை வெளிச்சுவரில், கைக்கு எட்டாத உயரத்தில், அயல்வீட்டைப் பார்த்துப் பூட்டச் சொல்லுங்கள். பெட்டியில் சிம் போடும் வசதி இருந்தால், அது அழைக்கும் முதல் இலக்கம் ஒழுங்கைக்குள் இருப்பவருடையதாக இருக்கட்டும். வெளிநாட்டு இலக்கம் மூன்றாவதாக இருந்தாலும் பரவாயில்லை.

கருவி பற்றியும் கொஞ்சம். கதவு, யன்னலில் பூட்டும் காந்தச் சென்சர் எளிமையானது, மலிவானது. இரண்டு துண்டும் விலகினால் அடிக்கும், பிழைவிடுவது குறைவு. அறைக்குள் வைக்கும் அசைவுச் சென்சர் உடற்சூட்டின் நகர்வைப் பார்க்கிறது. வெக்கை நாட்களில் சுவரின் சூடு உடற்சூட்டை நெருங்கும்போது அதன் கூர்மை குறையும். அதன் முகப்பில் பல்லி ஊர்ந்தாலோ பூனை குறுக்கே போனாலோ சும்மாவும் அடிக்கும். இரண்டு முறை சும்மா அடித்தால் மூன்றாம் முறை அயலார் எழும்ப மாட்டார்கள். அதனால் கதவுச் சென்சரோடு தொடங்குவதே நல்லது என்பது என் எண்ணம்.

மின்சாரத்தை மறக்கவேண்டாம். 2022 மார்ச் இறுதியில் ஒரு நாளைக்கு 13 மணிநேரம் வரை மின்வெட்டு இருந்தது. வைபை கமராவில் பற்றரி இருந்தாலும் ரவுட்டர் அணைந்தால் எச்சரிக்கை வெளியே போகாது. பற்றரியில் எத்தனை மணிநேரம் நிற்கும் என்று கேட்டு, பூட்டியவர் நிற்கும்போதே மெயின் சுவிட்சை நிறுத்திப் பாருங்கள்.

கடைகளில் யாரும் பேசாத இன்னொன்று உண்டு. என் பெரியம்மாவின் வீட்டில் சைரனை அடித்துக் காட்டியபோது, அவருக்குக் கள்ளனுக்கு முதல் பங்கர்தான் ஞாபகம் வந்ததாம். ஷெல்லடிக்குள் வாழ்ந்த ஒருவரின் தலைமாட்டில் அந்தச் சத்தத்தை வைப்பது நல்லதல்ல. அவருக்குப் படுக்கையருகே அழுத்தும் பொத்தான் போதும். சத்தம் வெளியே கேட்கட்டும்.

கமரா வைப்பவர்கள் பதிவையும் யோசிக்க வேண்டும். 2016 இல் மிராய் என்ற தீநிரல் இலட்சக்கணக்கான கருவிகளைக் கைப்பற்றியது, தொழிற்சாலையில் இட்ட கடவுச்சொல்லை யாரும் மாற்றாததால். அவற்றில் கமராக்களும் இருந்தன. கள்ளனைத் தவிர எங்களுக்கு இன்னொரு கவலையும் உண்டு. வீட்டில் இருப்பவர்களின் விபரத்தைச் சீருடைக்காரரிடம் படிவம் நிரப்பிக் கொடுத்த சனம் நாங்கள். வீதியைப் பார்க்கும் கமரா, காணாமல் ஆக்கப்பட்ட பிள்ளையைத் தேடும் பக்கத்து வீட்டுத் தாயிடம் யார் வந்து போகிறார்கள் என்பதையும் சேர்த்தே பதிகிறது. கமராவின் முகத்தை உங்கள் படலையோடு நிறுத்துங்கள். பதிவு ஒரு வாரத்தில் தானாக அழியும்படி வைக்கலாம். யாராவது பதிவைக் கேட்டு வந்தால், எந்த முறைப்பாட்டுக்காக என்று கேட்டு, வாங்கியவரின் பெயரையும் திகதியையும் எழுத்தில் பெற்றபின் கொடுங்கள்.