பெயர்ப்பலகைத் தமிழும் திரையில் வாழும் தமிழும்

திரைப்படம் என்றாலே முகத்தைத் திருப்பிக்கொள்ளும் அன்பர்கள் நம்மிடையே பலர் உளர். அது கூத்தாடிகளின் தொழில், உணர்வு மழுங்கிய கூட்டத்தின் பொழுதுபோக்கு, தமிழைக் கெடுக்கும் நச்சுக்கருவி என்பது அவர்தம் முடிபு. அம் முடிபில் பாதி உண்மை உண்டு. ஆயினும் பாதி உண்மையை முழு உண்மையாகக் கொண்டு, ஒரு பெருங்கலையையே வணிகர் கையில் விட்டுவிட்டு ஒதுங்கி நிற்றல் அறிவுடைமை ஆகாது. நம் நூல்களை ஆயிரவர் படிக்கின்றனர். ஒரு திரைப்படத்தையோ இலக்கக் கணக்கானோர் பார்க்கின்றனர். தமிழன் எவ்வாறு பேசுகின்றான், எதற்குச் சினக்கின்றான், யாரை உறவென்று அழைக்கின்றான் என்பவற்றை இற்றை இளைஞன் நூலினின்று கற்பதைவிடத் திரையினின்றே மிகுதியாகக் கற்கின்றான். எனவே, எது நல்ல படம், எது கெட்ட படம் என்று ஆய்ந்து சொல்லுதலும் நம் கடமைகளுள் ஒன்றே. படங்களை விரும்பிப் பார்ப்பவன் என்னும் உரிமையில் என் கருத்துகளை இங்கு எழுதுகின்றேன்.

முதற்கண் பெயரைப் பற்றிப் பேசுவோம். தமிழ்ப் படத்திற்குத் தமிழில் பெயர் வைக்க வேண்டும் என்பது நம் நெடுநாளைய வேண்டுகோள். அதில் எள்ளளவும் ஐயமில்லை. 2005-ஆம் ஆண்டில் 'பி.எஃப்.' என்று பெயரிடப்பட்டிருந்த ஒரு படம், எழுந்த எதிர்ப்பிற்குப் பின் 'அன்பே ஆருயிரே' என்னும் பெயரில் வெளிவந்தது. 2006-ஆம் ஆண்டில், தமிழ்ப் பெயர் தாங்கிய படங்களுக்குக் கேளிக்கை வரி விலக்கு உண்டு என்று தமிழக அரசு அறிவித்தது. உடனே என்ன நேர்ந்தது? ஆங்கிலப் பெயர்கள் ஒன்றன்பின் ஒன்றாக உதிர்ந்தன. 'சம்திங் சம்திங்' என்னும் ஒட்டு நீங்கி 'உனக்கும் எனக்கும்' மட்டும் நின்றது. பற்றினால் வாராத தமிழ் வரி விலக்கினால் வந்தது!

வந்த தமிழ் எங்கு நின்றது? சுவரொட்டியில் நின்றது, படத்தின் உள்ளே புகவில்லை. பெயர் மாறிற்று; கதை மாறவில்லை, பேச்சு மாறவில்லை, படத்தில் பணியாற்றியோர் பெயர் வரிசை ஆங்கில எழுத்தில் ஓடுவதும் மாறவில்லை. பின்னர் 2017-ஆம் ஆண்டில் சரக்கு, பணிகள் வரி வந்து பழைய வரி முறை மாறியது. விலக்கால் கிடைத்த ஊதியம் போயிற்று. அதன்பின் ஆங்கிலப் பெயர்கள் மீண்டும் தலைதூக்கின. இதனால் நாம் கற்க வேண்டிய பாடம் ஒன்று உண்டு. பெயர் என்பது வாயில். வாயில் தமிழாக இருத்தல் வேண்டும். ஆனால் வாயிலைப் பார்த்தே வீட்டை அளந்துவிடுதல் கூடாது. உள்ளே வாழ்பவர் யார் என்று பார்த்தல் வேண்டும்.

தமிழ்த் திரை பேசத் தொடங்கிய வரலாறும் இதையே சொல்லும். 1931-இல் வெளிவந்த 'காளிதாசு' முதல் தமிழ்ப் பேசும்படம் எனப்படுவது. அதில் தமிழோடு தெலுங்கும் கலந்தே ஒலித்தது. அடுத்து வந்த ஆண்டுகளில் புராணக் கதைகளும் வடசொற் கலவையும் திரையை நிறைத்தன. 1949-இல் 'வேலைக்காரி'யும் 1952-இல் 'பராசக்தி'யும் வந்த பின்னரே, தமிழ் உரையாடலைக் கேட்பதற்காகவே மக்கள் அரங்கிற்குச் செல்லும் நிலை ஏற்பட்டது. அது பெரும் பணி. எனினும் அந்நடை மேடைத்தமிழின் நீட்சியே. வழக்குமன்றத்தில் நின்று முழங்குவதற்கு அது பொருந்தும். அடுப்படியில் நின்று அழுவதற்குப் பொருந்தாது. அடுப்படியின் தமிழைத் திரைக்குக் கொணர்ந்தவர்கள் பின்னர் வந்தோரே.

என் உள்ளத்தில் நிலைத்த படங்களுள் முதலாவது, 1979-இல் மகேந்திரன் இயக்கிய 'உதிரிப்பூக்கள்'. புதுமைப்பித்தனின் 'சிற்றன்னை' என்னும் கதையை வித்தாகக் கொண்டது. பிறர் துன்பத்தில் இன்பங் காணும் ஒருவன். அவன் கையில் வாடி உதிரும் மனைவி. தாயிழந்த இரு சிறு குழந்தைகள். அதில் முழக்கமில்லை, நீண்ட உரையாடல் இல்லை. ஊரார் கூடி அவனை ஆற்றில் இறக்குகின்ற இறுதிக் காட்சியில், கெட்டவன் ஒருவன் ஒழிந்தான் என்னும் மகிழ்ச்சி நமக்கு எழுவதில்லை. நல்லவர்களையும் கொலைஞராக்கிவிட்டுப் போகின்றானே என்னும் நடுக்கமே எழுகின்றது. கரையில் நிற்கும் குழந்தைகள் யாருக்கு உரியர் என்னும் வினா, படம் முடிந்த பின்னும் நம்மை விடுவதில்லை.

அதே ஆண்டில் துரை இயக்கிய 'பசி' வந்தது. சென்னைக் குடிசைப் பகுதியில் தாள் பொறுக்கி வாழும் பெண்ணின் கதை. அதில் நடித்த சோபா இந்திய அளவில் சிறந்த நடிகைக்கான விருது பெற்றார். அப்படத்தின் பேச்சு கொச்சை என்று நம்மவர் சிலர் குறை கூறுவர். இங்கு ஒன்றை எண்ணிப் பார்க்க வேண்டும். தொல்காப்பியர் செய்யுள் வழக்கோடு உலக வழக்கையும் ஆராய்ந்தே இலக்கணம் செய்தார். குப்பை பொறுக்கும் பெண் செந்தமிழில் பேசினால் அது பொய். அவள் தன் சேரியின் தமிழில் பேசினால் அது மெய். நம் பகை உழைப்பாளியின் வாய்மொழி அன்று. தமிழ் தெரிந்தும் தெரியாதவர்போல் நடிக்கும் கலப்பு நடையே நம் பகை. அவ்விரண்டையும் ஒன்றாக எண்ணி ஒதுக்குவோமாயின், நம் மக்களையே ஒதுக்கியவர் ஆவோம்.

1988-இல் பாலு மகேந்திரா இயக்கிய 'வீடு' மூன்றாவது. ஒரு நடுத்தரக் குடும்பத்துப் பெண் சிறு வீடொன்று கட்ட முயல்கின்றாள்; கதை இவ்வளவே. பாட்டில்லை, சண்டையில்லை. கடன், ஒப்பந்தக்காரனின் ஏமாற்று, அலுவலகங்களின் இழுத்தடிப்பு, முதிய தாத்தாவின் ஏக்கம் ஆகியவற்றையே செங்கல்லாக அடுக்கிப் படம் எழுப்பப்பட்டுள்ளது. முடிவில் அந்நிலமே அரசுத் துறை ஒன்றின் எடுப்பிற்குள் வந்துவிட்டது என்று தெரியவரும்பொழுது, சொந்த மண்ணில் ஒருபிடி நிலத்திற்கு உரிமையற்ற எளியவரின் நிலை நெஞ்சில் அறைகின்றது. 'பசி', 'வீடு' என்று ஈரெழுத்துத் தமிழ்ப் பெயர்கள். அவற்றுள் எத்துணைப் பெரிய வாழ்க்கை!

அவ் வரிசையில் அண்மைக்காலத்தினின்று மூன்றைச் சேர்ப்பேன். 2018-இல் இலெனின் பாரதி இயக்கிய 'மேற்குத் தொடர்ச்சி மலை', சுமைதூக்கி மலையேறும் நிலமற்ற ஒருவனின் ஒரே கனவு ஒரு துண்டு நிலம் என்று தொடங்கி, காற்றாலைகள் எழுந்த அந் நிலத்திற்கே அவன் காவலாள் ஆவதில் முடிகின்றது. அதே ஆண்டில் மாரி செல்வராசு இயக்கிய 'பரியேறும் பெருமாள்', சாதிக் கொடுமையை மட்டும் காட்டவில்லை. தமிழ்வழியில் படித்து வந்த மாணவன் சட்டக் கல்லூரியில் ஆங்கிலம் விளங்காமல் இழிவுபடுத்தப்படும் காட்சியையும் காட்டுகின்றது. தமிழ் மண்ணில் தமிழில் சட்டம் படிக்க இயலாதவனின் வலியை நாம் நூறு கூட்டங்களில் பேசியுள்ளோம். அப்படம் அதனைச் சில மணித்துளிகளில் உணர்த்திவிட்டது.

மூன்றாவது, 2022-இல் மணிகண்டன் இயக்கிய 'கடைசி விவசாயி'. 'கடைசி உழவன்' என்று பெயரிட்டிருப்பின் இன்னும் மகிழ்ந்திருப்பேன். அக் குறை பெயரோடு நிற்கின்றது. குலதெய்வ விழாவிற்கு ஊரில் நெல் விளைவிக்க வேண்டும். விளைவிக்க வல்லவர் ஒரேயொரு முதியவர். அவரோ இறந்த மயில்களைப் புதைத்ததற்காகச் சிறையில் அடைக்கப்படுகின்றார். வயலில் பயிர் நீரின்றி வாடுகின்றது. முதியவராக நடித்த நல்லாண்டி உண்மையிலேயே உழவர். படம் வெளிவருமுன் மறைந்தார். அவர் நடை, அவர் செவிப்புலக் குறைவு, விதையை அவர் கையில் எடுக்கும் விதம் ஆகியவற்றை எந்தப் பயிற்சிப் பள்ளியும் கற்பித்துவிட முடியாது.

இனி அண்மையில் வெளிவந்தவற்றைக் காண்போம். 2024-ஆம் ஆண்டு ஆகத்து 23-ஆம் நாள் இரு படங்கள் ஒருங்கே வந்தன. ஒன்று மாரி செல்வராசின் 'வாழை'. வாழைத்தார் சுமக்கும் கூலியில் ஒரு உருபா உயர்வு கேட்ட ஏழையர், அதற்கு ஈடாகத் தாரோடு தாராகச் சரக்குந்தில் ஏற்றப்பட்டு மாள்கின்றனர். ஊரே பிணங்களைச் சூழ்ந்து அழ, பசி பொறாத சிறுவன் சோற்றை அள்ளி உண்ணும் காட்சி தமிழ்த் திரையில் மறக்க முடியாதது. இசையால் நம்மை அழவைக்க இயக்குநர் சிறிது மிகையாக முயன்றுள்ளார். அக் காட்சிகளுக்கு அவ்வுதவி வேண்டியதே இல்லை.

மற்றொன்று வினோத்துராசின் 'கொட்டுக்காளி'. பிடிவாதக்காரி என்னும் பொருளில் வழங்கும் மதுரை வட்டாரச் சொல் இது; நகர்வாழ் தமிழர் பலர் இப்படத்தின் வழியாகவே அறிந்தனர். பிற சாதியான் ஒருவனை விரும்பிய பெண்ணுக்குப் பேய் பிடித்துள்ளதென்று குடும்பமே தானியில் ஏற்றிக்கொண்டு பேயோட்டுபவனிடம் செல்கின்றது. அவள் வாய் திறப்பதே அரிது. அவளைச் சூழ்ந்த ஆண்களின் வாயோ மூடுவதில்லை. பின்னணி இசை அறவே இல்லை. சாலையின் ஓசையும் சேவலின் குரலுமே இசை. முடிவைப் பார்ப்பவரிடமே விட்டுவிடுகின்றார் இயக்குநர். அது குறையென்பார் உளர். யான் அதனை நிறைவென்பேன். விடையைக் கையில் கொடுத்திருந்தால் நாம் வீடு சேருமுன் மறந்திருப்போம். பெர்லின் திரைப்பட விழாவில் காட்டப்பட்ட இப்படம் நம் ஊர் அரங்குகளில் நெடுநாள் நிற்கவில்லை என்பதே என் வருத்தம்.

அடுத்த திங்களே பிரேம்குமாரின் 'மெய்யழகன்' வந்தது. சொத்துப் பகையால் ஊர்விட்டுப் பெயர்ந்தவன் ஈராண்டு அல்ல, ஈரேழு ஆண்டுக்கும் மேலாகச் சென்று காணாத தன் ஊருக்கு ஓர் இரவு திரும்புகின்றான். பெயரே நினைவில்லாத உறவினன் ஒருவன் அவனை 'அத்தான், அத்தான்' என்று அழைத்து அன்பால் நனைக்கின்றான். எல்லா உறவுகளையும் ஆங்கிலத்தின் ஒற்றைச் சொல்லால் அழைக்கப் பழகிவிட்ட இக்காலத்தில், அந்த 'அத்தான்' என்னும் விளி ஒன்றே ஒரு தமிழ்ப்பாடம். பிற்பகுதியில் பேச்சு நீள்கின்றது என்பது உண்மை. ஆயினும் படம் வெளிவந்த சில நாள்களில் ஏறத்தாழ 18 மணித்துளி வெட்டப்பட்டதை யான் ஏற்கவில்லை. மூன்று மணிநேரம் குருதி சிந்தும் படத்தைப் பொறுப்போர், இருவர் அமர்ந்து வரலாறு பேசுவதைப் பொறுக்கமாட்டாரோ?

இனி ஈரிணைப் படங்களை அருகருகே வைத்துக் காட்டுகின்றேன். 2025-ஆம் ஆண்டு மே முதல் நாள் வந்த படத்தின் பெயர் 'டூரிஸ்ட் ஃபேமிலி'. தமிழ்ச்சொல்லின் முதலில் வாராத டகரம் தொடக்கத்தில். ஆங்கில ஒலிக்கு ஏவல் செய்யும் ஆய்தம் இடையில். பெயரைக் கண்டபொழுது சினந்தேன். படமோ, பொருளியல் நெருக்கடியால் இலங்கையினின்று தப்பிவந்து சென்னையில் ஒளிந்து வாழும் ஈழத்தமிழ்க் குடும்பத்தின் கதை. தம் ஈழத்தமிழே தம்மைக் காட்டிக்கொடுத்துவிடும் என்று, தமிழகத்தில் தமிழ் பேசவே அவர்கள் அஞ்ச வேண்டியுள்ளது! இதனினும் கூரிய குத்தல் நமக்கு வேறென்ன வேண்டும்? அக் குடும்பத்தின் அன்பினால் அண்டை வீட்டாரும் மாந்தராகின்றனர்.

அதே ஆண்டு ஆகத்தில் வந்தது 'கூலி'. பெயர் பழந்தமிழ்ச் சொல். உழைப்பவனின் ஊதியத்தைக் குறிப்பது. இரசினிகாந்து போலும் மக்கள் செல்வாக்குள்ள நடிகர்; பெரும்பொருட் செலவு. ஆனால் உள்ளே உழைப்பும் கூலியும் எங்கே? துறைமுகத் தொழிலாளர் ஓர் ஓரத்தில் வந்து மறைகின்றனர். கொலையும் கடத்தலும் பிணமெரிப்பும் நடுவில் நிற்கின்றன. வளர்ந்தோர் மட்டுமே பார்க்கத்தக்கது என்னும் சான்றிதழோடு அது வந்தது. உழைப்பாளியின் பெயரை வைத்து உழைப்பாளியின் பிள்ளை பார்க்கக் கூடாத படம் எடுத்துள்ளனர். பெயர் தமிழாக, உள்ளீடு வெறுமையாக ஒன்று. பெயர் ஆங்கிலமாக, உள்ளீடு தமிழர் துயராக மற்றொன்று. இரண்டிலும் பாதி பாதி இழந்து நிற்பவர் நாமே.

ஆகலின் நாம் செய்ய வேண்டுவன சில. ஒன்று: தமிழ்ப்பெயர் கேட்கும் குரலை ஓயவிடாமல், படத்தின் பெயர் வரிசையும் தமிழ் எழுத்தில் வருமாறு கேட்டல். இரண்டு: அரசு வரிச்சலுகையோ பரிசோ தருமாயின், பெயரை மட்டும் நோக்காது படத்தின் உள்ளீட்டையும் நோக்கித் தருமாறு வலியுறுத்தல். மூன்று: இதுவே எல்லாவற்றினும் முதன்மையானது, நல்ல படத்தை முதற் கிழமையிலேயே அரங்கிற்குச் சென்று குடும்பத்தோடு பார்த்தல். இக்காலத்தில் ஒரு படத்தின் வாழ்நாளை முதல் மூன்று நாள்களே முடிவு செய்கின்றன. நான்காம் நாள் போற்றிப் பேசுவோரின் பாராட்டு, பிணத்திற்குச் சூட்டும் மாலை.

தீய படத்தைத் திட்டிப் பத்துப் பக்கம் எழுதும் நம்மவர், நல்ல படத்திற்கு ஒரு நுழைவுச்சீட்டு வாங்கினாரா என்று தம்மைத் தாமே கேட்டுக்கொள்க. உழவனையும் சுமைதூக்கியையும் ஏதிலியையும் வாய் திறவாத பெண்ணையும் திரையில் நிறுத்த முன்வருவோர் இன்றும் இருக்கின்றனர். அவர்களுக்குப் பொருள் இல்லை, விளம்பரம் இல்லை, ஊர்ப் பெருக்கிகள் இல்லை. நாமாவது இருத்தல் வேண்டும்.