பாட்டைக் கொடுத்தவங்க பேரையும் சொல்லணும்

அமெரிக்காவுல புளூகிராஸ்னு ஒரு இசை இருக்கு. பாஞ்சோ, ஃபிடில் (நம்ம வயலின்தான்), மாண்டலின், கிட்டார், ஆள் உயரத்துக்கு ஒரு பேஸ். பொதுவா டிரம்ஸ் கிடையாது. காட்டுல பாடுபட்டவங்களும் மில்லுல, சுரங்கத்துல வேலை பார்த்தவங்களும் வளர்த்த இசை. அதனாலதான் விவசாயம் பேசுற இந்த இடத்துல அதைப் பத்தி எழுதுறேன்.

கொஞ்ச நாளா யூடியூபில் இதைக் கேட்டுக்கிட்டும், இதோட வரலாற்றைப் படிச்சுக்கிட்டும் இருக்கேன். எனக்குப் பட்டதை மொதல்லயே சொல்லிடுறேன். நாட்டுப்புறப் பாட்டுக்குச் சொந்தக்காரங்க யாரும் இல்லைன்னு சொல்றது பாதி உண்மைதான். அதைச் சொல்லிக் கொடுத்தவங்க இருந்தாங்க. எழுதும்போது அவங்க பேரை விட்டுட்டாங்க, அவ்வளவுதான்.

புளூகிராஸ்ங்கிறது ஒரு புல்லோட பேர். கென்டக்கி மாநிலத்துக்கு அதுதான் பட்டப்பேர். 1911-ல் அங்கே பிறந்த பில் மன்றோ, சொந்த மண்ணு ஞாபகமா தன் குழுவுக்கு 'புளூ கிராஸ் பாய்ஸ்'னு பேர் வச்சார். 1939-ல் நாஷ்வில் நகரத்து 'கிராண்ட் ஓல் ஆப்ரி' வானொலி நிகழ்ச்சியில் சேர்ந்தார். 1945 கடைசியில் வட கரோலினாவுல இருந்து ஏர்ல் ஸ்க்ரக்ஸ் வந்து சேர்ந்தார். அவர் மூணு விரலால பாஞ்சோ வாசிச்சா ஓட்டுக்கூரை மேல மழை கொட்டுற மாதிரி இருக்கும். இன்னைக்கு நாம கேட்கிற புளூகிராஸ் அப்போதான் உருவாச்சு. குழுவோட பேரே பிறகு இசைக்கும் பேராச்சு. கேட்டா பழங்காலத்து இசை மாதிரி இருக்கு, ஆனா நூறு வயசு கூட ஆகல.

இதுல ஒரு வேடிக்கை. அந்தப் புல்லே அந்த மண்ணுல பிறந்தது இல்லை, ஐரோப்பாவுல இருந்து குடியேறினவங்களோட வந்ததுன்னு சொல்றாங்க. இசையும் அப்படித்தான். ஃபிடிலும் கதைப்பாட்டும் இங்கிலாந்து, ஸ்காட்லாந்து, அயர்லாந்துல இருந்து அப்பலாச்சியன் மலைக்குப் போனது. மாண்டலின் இத்தாலியோடது. பாஞ்சோ, ஆப்பிரிக்காவுல இருந்து அடிமைகளா பிடிச்சுக்கிட்டுப் போன மக்கள் தங்க ஊர் வாத்தியத்தை நினைவுல வச்சு உருவாக்கினது. ஆரம்பத்துல சுரைக்குடுக்கையில் தோலைக் கட்டித்தான் செஞ்சாங்க. 1840-களில் வெள்ளைக்காரங்க முகத்துல கரி பூசிக்கிட்டு கறுப்பின மக்களைக் கேலி பண்ற மேடைக் கூத்து நடத்தினாங்க. அதுல பாஞ்சோ பெரிய பேர் வாங்குச்சு. வாத்தியத்தை வாங்கிக்கிட்டு, கொடுத்தவங்களையே கேலி பண்ணின கதை இது.

1920-களில் இசைத்தட்டு வியாபாரம் வந்துச்சு. கறுப்பினத்தவர் பாடினா ஒரு பட்டியல், மலைநாட்டு வெள்ளைக்காரர் பாடினா வேற பட்டியல்னு கம்பெனிகள் பிரிச்சு வித்தாங்க. கறுப்பினத்தவரோட ஃபிடில், பாஞ்சோ குழுக்கள் நிறைய இருந்தும் இசைத்தட்டுல ஏறினது ரொம்பக் குறைச்சல்.

1927-ல் டென்னசி, வர்ஜீனியா எல்லையில இருக்கிற பிரிஸ்டல் ஊருக்கு ரால்ஃப் பீர்ங்கிறவர் வந்து பாட்டுப் பதிவு செஞ்சார். கார்ட்டர் குடும்பம் அங்கேதான் மொதல் தடவையா பாடினது. ஒரு பாட்டுக்கு 50 டாலர். அதுக்கப்புறம் தொடர்ந்து பாட்டு வேணுமே? ஏ.பி. கார்ட்டர் மலைக் கிராமம் கிராமமா போய்ச் சேகரிச்சார். அவரோட போனவர் லெஸ்லி ரிடில்ங்கிற கறுப்பின கிட்டார் கலைஞர். சிமென்ட் ஆலை விபத்துல ஒரு காலை இழந்தவர். கார்ட்டர் வரிகளை எழுதிக்குவார், மெட்டை ரிடில் மனசுல வாங்கிக்கிட்டு வந்து வாசிச்சுக் காட்டுவார். பாட்டெல்லாம் ஏ.பி. கார்ட்டர் பேர்ல பதிவாச்சு. பாடிக் காட்டின கிராமத்துக்காரங்க பேரும் இல்லை, ரிடில் பேரும் இல்லை. 1960-களில் மைக் சீகர்ங்கிற இசைக் கலைஞர் ரிடிலைத் தேடிப்போய்ப் பாட்டைப் பதிவு செஞ்சார்.

பில் மன்றோ இதுல கொஞ்சம் பரவாயில்லை. சின்ன வயசுலயே அம்மாவும் அப்பாவும் போய்ட்டாங்க. தாய்மாமா பென் வான்டிவர் வீட்டுல வச்சுக்கிட்டார். அவர் ஃபிடில் வாசிக்க, இவர் கூடவே போய்ப் பழகினார். அந்த மாமா பேர்லயே 1950-ல் ஒரு பாட்டைப் பதிவு செஞ்சார். இன்னொரு வாத்தியார் ஆர்னால்ட் ஷுல்ட்ஸ், நிலக்கரிச் சுரங்கத்துல வேலை செஞ்ச கறுப்பினத்தவர். அவர்கிட்ட கத்துக்கிட்டதை மன்றோ வாய்விட்டே சொல்லியிருக்கார். ஆனா ஷுல்ட்ஸ் 1931-லயே இறந்துட்டார். அவர் வாசிச்சது ஒரு இசைத்தட்டுல கூட இல்லை. மன்றோ சொல்லாம விட்டிருந்தா அந்தப் பேரு இன்னைக்கு யாருக்குத் தெரிஞ்சிருக்கும்?

"கார்ட்டர் அலைஞ்சு சேகரிக்கலைன்னா அந்தப் பாட்டெல்லாம் செத்துப்போயிருக்குமே"ன்னு ஒரு வாதம் உண்டு. நியாயமான வாதம். அவர் உழைப்பை நான் குறைச்சுச் சொல்லல. பாட்டுன்னா கைமாறணும், மாறணும், அப்போதான் உசுரோட இருக்கும். ஆனா காப்பாத்துறது வேற, பேரை மறைக்கிறது வேற. பக்கத்துத் தோட்டத்துல ஒரு படி விதை வாங்கி விதைச்சா, அடுத்தவங்களுக்குக் கொடுக்கும்போது "இன்னார் வீட்டு விதை"ன்னு சொல்லித்தான் கொடுப்போம். விளைச்சல் நம்ம உழைப்புதான். அதுக்காக விதையும் நம்மளுதுன்னு சொல்லிக்க முடியுமா?

இதைச் சரியா செஞ்சவங்களும் இருக்காங்க. 2005-ல் வட கரோலினாவுல ரியானன் கிடன்ஸும் இன்னும் ரெண்டு கறுப்பின இளைஞர்களும் ஜோ தாம்சன்ங்கிற பெரியவர்கிட்ட போய் உட்கார்ந்தாங்க. ஃபிடில் வாசிக்கிறவர், அப்போ அவருக்கு 86 வயசு. அவர் வீட்டுலயே கத்துக்கிட்டு 'கரோலினா சாக்லேட் டிராப்ஸ்'னு குழு ஆரம்பிச்சாங்க. பின்னாடி கிராமி விருதும் வாங்கினாங்க. யார்கிட்ட கத்துக்கிட்டோம்னு ஜோ தாம்சன் பேரை எங்கேயும் மறைக்கல. அதனால அவங்க பேரு குறைஞ்சுபோகவும் இல்லை. பெரியவரை அவர் காலத்துலயே உலகம் தெரிஞ்சுக்குச்சு.

பாடட்டும், பதிவு செய்யட்டும், காசும் சம்பாதிக்கட்டும். நான் கேட்கிறது ஒண்ணுதான். இசைத்தட்டு மேல ஒரு வரி: 'இந்தப் பாட்டு இன்னார்கிட்ட கத்துக்கிட்டது.' அந்த ஒரு வரிக்கு இடம் இல்லாமப் போகாது.