தோலாசனத்தில் ஏறிய சாயம்

சாயம் என்பது தானிருக்கவேண்டிய இடத்தில் இருக்கும்வரை அழகு; அவ்விடம் விட்டுப் பெயர்ந்து வேறொன்றைப் பற்றிக்கொண்டால் அதுவே கறை. சேலைத் தலைப்பிலே கண்ணைக் கவரும் சிவப்பும், இளைஞர்தம் காற்சட்டையிலே எடுப்பாய்த் தோன்றும் நீலமும், வெண்ணிறத் தோல் போர்த்த காரின் ஆசனத்திற் படிந்துவிட்டால் வீட்டிலே ஒரு சிறு வழக்கே எழுந்துவிடுகின்றது. யார் இருந்தார்கள், எந்த ஆடையுடன் இருந்தார்கள், ஏன் கவனிக்கவில்லை என்ற விசாரணை நீண்டு, இறுதியில் எவரேனும் ஒருவர் முகம் வாடுவதோடு முடிகின்றது. கறையோ இருந்த இடத்திலேயே இருக்கின்றது. எனவே, இவ்வாரம் இக்கறையின் இயல்பையும் அதனைப் போக்கும் முறையையும் நோக்குவோம்.

இஃது அற்ப விடயமன்று. இலங்கையில் 2020 ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் மோட்டார் வண்டிகளின் இறக்குமதி நிறுத்தப்பட்டது. தனியார் பாவனைக்குரிய கார்கள் 2025 ஆம் ஆண்டு பெப்ரவரி மாதத்திலேதான் மீண்டும் அனுமதிக்கப்பட்டன. அவ்வைந்தாண்டுக் காலமும் உள்ள வண்டியைப் பேணிக் காப்பதே பல குடும்பங்களுக்கு வழியாயிற்று. விற்கும் வேளையில் வாங்குபவர் முதலிற் கதவைத் திறந்து பார்ப்பது ஆசனத்தையே. வாடகைக் கார் ஓட்டும் சாரதிக்கோ இது வயிற்றுப் பிழைப்போடு தொடர்புடையது. கலியாண வீட்டுப் பயணத்தில் எவருடைய ஆடையினின்றோ ஏறிய சாயத்துக்கு, வண்டிச் சொந்தக்காரர் அவருடைய கூலியிலே கை வைத்தால், அது நியாயமா என்று நாம் எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

முதலில், ஜீன்ஸ் என்னும் காற்சட்டைத் துணி ஏன் இவ்வாறு சாயத்தை விடுகின்றது என்பதை அறிதல் நலம். அதன் நீலம் அவுரிச் செடியினின்று பண்டுதொட்டுப் பெறப்பட்ட நீலமேயாகும். ஜெர்மனிய இரசாயன அறிஞர் அடோல்வ் வொன் பேயர் அதனை 1880 இல் ஆய்வுகூடத்திற் செயற்கையாக ஆக்கிக் காட்டினார். 1905 இல் நோபல் பரிசும் பெற்றார். 1897 முதல் தொழிற்சாலைகளில் ஆக்கப்பட்ட செயற்கை நீலம் சந்தைக்கு வந்தது. இன்று நம் இளைஞர் அணியும் ஜீன்ஸ்களிற் பெரும்பாலனவற்றிற் காண்பது அச்செயற்கை நீலமே.

இந்நீலம் நீரிற் கரையாது. ஆகவே, சாயத் தொட்டியில் அதனை வேதியியல் முறையாற் கரையும் வடிவமாக மாற்றி, அதிலே பருத்தி நூலைத் தோய்த்தெடுப்பர். வெளியே எடுத்ததும் காற்றிலுள்ள ஒட்சிசன் பட்டு அது மீண்டும் கரையாத நீலமாகிவிடும். இவ்வாறு பன்முறை தோய்த்தாலும் சாயம் நூலின் மேற்புறத்தையே பெரிதும் பற்றி நிற்கும். நூலின் நடுப்பகுதி வெள்ளையாகவே இருக்கும். பழைய ஜீன்ஸின் முழங்காற் பகுதி வெளிறிப்போவதும் இதனாலேயே. உராய்வு ஏற்படும்போது மேற்புறச் சாயம் துகளாய்ப் பெயர்கின்றது. வியர்வையும், மழையில் நனைந்த ஈரமும், வெயிலில் நிறுத்திய காரின் வெப்பமும், உட்கார்ந்திருப்பவரின் உடற்பாரமும் சேர்ந்து அதனை ஆசனத்திற் பதித்துவிடுகின்றன.

சாயத் தொழில் நம் நாட்டுக்குப் புதியதன்று. ஒல்லாந்தர் காலத்தில் மன்னார், யாழ்ப்பாணம் ஆகிய பகுதிகளிற் சாயவேர் அகழ்ந்தெடுப்பது ஒரு தொழிலாய் நடைபெற்றது. அவ்வேர் துணிக்குச் செந்நிறம் ஊட்டப் பயன்பட்டது. சாயத்தைத் துணியிலே நிலைபெறச் செய்வதே அக்கைவினைஞரின் திறமை; நமக்கோ இன்று நிலைபெற விடாமற் காப்பதே தேவையாகின்றது.

இனி ஆசனத்தைக் கவனிப்போம். காருக்குரிய தோல்களிற் பெரும்பாலானவை பதனிட்டபின் மேலே நிறப்பூச்சு இடப்பட்டு, அதற்கும் மேலாகப் பொலியூரிதேன் என்னும் ஒளிபுகும் மென்படலம் பூசப்பெற்றவை. நம் கை தொடுவது அப்படலத்தையே. சாயம் முதலில் அதன்மேலேதான் படிகின்றது. நாட்செல்லச் செல்ல அதனுள்ளே ஊறுகின்றது. ஆகவே, இன்று படிந்த கறையை இன்றே துடைப்பதற்கும், ஆறு மாதங் கழித்துத் துடைப்பதற்கும் மலைக்கும் மடுவுக்குமுள்ள வேறுபாடு உண்டு.

மேற்பூச்சில்லாத தோலாசனங்களும் சில உள. அவற்றை அறிய வழி இது: கண்ணிற்படாத ஓரத்தில் ஒரு துளி நீரை இடுக. அது முத்துப்போல் நின்றால் மேற்பூச்சு உண்டு. உடனே உறிஞ்சப்பட்டு அவ்விடம் கருமையடைந்தால் மேற்பூச்சு இல்லை. இத்தகைய தோலையும், வெல்வெட்டுப் போன்ற மயிர்ப்பரப்புடைய தோலையும் வீட்டிற் கழுவ முற்படாது, தோல் வேலையிற் பழகியவரிடமே ஒப்படைத்தல் வேண்டும். கீழே கூறப்படும் முறை மேற்பூச்சுடைய தோலுக்கே உரியது.

வேண்டிய பொருள்கள் சில: வெள்ளைப் பருத்தித் துணிகள் நாலைந்து, இளஞ்சூடான நீர், காரம் குறைந்த திரவச் சவர்க்காரம், மென்மையான தூரிகை ஒன்று. தோலுக்கென விற்கப்படும் துப்புரவுத் திரவம் கிடைக்குமாயின் அது மேலும் சிறந்தது. பதனிட்ட தோல் சற்றே அமிலத்தன்மை உடையது. காரம் மிகுந்த சலவைச் சவர்க்காரம் அதற்குப் பகை. துணி வெள்ளையாய் இருக்கவேண்டிய காரணம், பெயர்ந்துவரும் சாயத்தை அதிற் காணமுடியும் என்பதோடு, துணியே புதுச்சாயம் கொடுத்துவிடாது என்பதுமாம்.

முதலில் ஆசனத்திலுள்ள தூசியையும் மணலையும் உறிஞ்சியெடுக்கும் கருவியினாலோ மென்தூரிகையினாலோ அகற்றுக. மணலிருக்கத் தேய்த்தால் படலம் கீறுபடும். அடுத்து, ஆசனத்தின் அடிப்பக்கம் போன்ற மறைவான இடத்திற் சவர்க்கார நீரை இட்டுத் துடைத்து, நன்கு உலரும்வரை பொறுத்திருந்து, நிறமோ பளபளப்போ மாறவில்லை என்பதை உறுதிசெய்க. ஆசனம் வெண்ணிறமாயின், இச்சோதனைக்கு மட்டும் சாயம் போகாத கருந்துணி ஒன்றைக் கொள்ளுக. வெள்ளைத் துணியில் வெண்பூச்சு உரிந்து வந்தாலும் நம் கண்ணுக்குத் தெரியாது. கருந்துணியிலே உடனே தெரிந்துவிடும்.

சோதனை நலமாயின், துணியைச் சவர்க்கார நீரில் நனைத்து இறுகப் பிழிந்து, உள்ளங்கை அளவான ஓரிடத்தை மட்டும் துடைக்கத் தொடங்குக. கறையின் வெளிவிளிம்பிலிருந்து நடுவை நோக்கித் துடைத்தலே முறை. நடுவிலிருந்து வெளியே துடைத்தால் கறை பரவும். துணியின் ஒரு பக்கம் நீலமானதும் மறுபக்கத்தைத் திருப்புக. தையல் ஓரங்களிலும் மடிப்புகளிலும் தூரிகையால் நுரையை மட்டும் மெல்ல இடுக. பின்னர் வெறும் நீரிற் பிழிந்த துணியினால் ஒருமுறையும், உலர்ந்த துணியினால் மறுமுறையும் துடைத்துவிடுக. ஆசனத்தின்மேல் நீரை ஊற்றுதல் ஆகாது. தையற் துளைகளின் வழியே அது உள்ளேயிருக்கும் பஞ்சினை அடைந்து பூஞ்சணம் பிடிக்கச் செய்யும்.

ஒரே முறையிற் கறை முழுவதும் நீங்கவேண்டும் என்று பலங்கொண்டு தேய்ப்பவரே பெரும்பாலும் ஆசனத்தைக் கெடுப்பவர். மெல்லத் துடைத்து, உலரவிட்டு, மூன்று நான்கு முறை திரும்பச் செய்வதே பலன் தரும். கதவுகளைத் திறந்து நிழலிலே உலர்த்துக. கடும் வெயிலும் தலைமயிர் உலர்த்தும் கருவியும் வேண்டா. இறுதியில் தோலுக்குரிய பாதுகாப்புக் களிம்பை மெல்லிதாகப் பூசினால், அடுத்துவரும் சாயம் எளிதிற் பற்றாது.

செய்யத் தகாதனவற்றையும் கூறிவிடல் வேண்டும். நகப்பூச்சினை அகற்றும் அசற்றோன் கறையை மட்டுமன்றி ஆசனத்தின் நிறப்பூச்சையும் கரைத்துவிடும். வெளிற்றும் திரவமும், அமோனியாவும், மண்ணெண்ணெயும் அத்தகையனவே. பற்பசையும் அப்பச்சோடாவும் நுண்ணிய அரம்போல உராய்வன. தேசிக்காய்ச் சாறு பூச்சைக் கெடுக்கலாம். தேங்காயெண்ணெய் பிசுபிசுப்பைத் தந்து மேலும் அழுக்கைச் சேர்க்கும். கடைகளில் விற்கும் மெலமைன் நுரைப்பஞ்சு கறையை விரைவில் அகற்றுவதாய்த் தோன்றினும், அது மிக மெல்லிய உரைதாள் போன்றது. கறையோடு மேற்படலத்தையும் தேய்த்துவிடும். படலம் இழந்த இடத்தில் அடுத்த கறை முன்னிலும் ஆழமாய் இறங்கும்.

மஞ்சள் கறைபற்றி ஒரு சொல். கலியாண வீட்டு மஞ்சள் ஆசனத்திற் பட்டு, அதிற் காரமான சவர்க்காரம் சேர்ந்தால் அது சிவந்து நிற்கும். அதைக் கண்டு அஞ்சவேண்டியதில்லை. காரம் பட்டால் மஞ்சளின் நிறம் அவ்வாறு மாறுவது இயல்பு. வெறும் நீரிற் பிழிந்த துணியாற் காரத்தைத் துடைத்தெடுத்தால் மஞ்சளாகவே திரும்பும். எஞ்சிய மஞ்சள் ஒளி பட்டு நாளடைவில் மங்கக்கூடியது.

எங்கே நிறுத்துவது என்பதை அறிதலே இவ்வேலையின் உயிர்நாடி. துடைக்கும் துணியில் ஆடையின் சாயம் வரும்வரை தொடரலாம். ஆசனத்தின் சொந்த நிறம் வரத் தொடங்கிய கணமே கையை எடுத்துவிடல் வேண்டும். அதன்பின்னும் எஞ்சும் கறைக்கு மருந்து, தோல் வேலை அறிந்தவரைக் கொண்டு அவ்விடத்துக்குப் புது நிறப்பூச்சும் மேற்படலமும் இடுவிப்பதே. மங்கலாய் எஞ்சிய கறையுடன் வாழ்ந்துவிடலாம். உரிந்த தோலோடு வாழ்தல் கடினம்.

மாணவர்கள் வீட்டிலேயே செய்து பார்க்கத்தக்க சோதனை ஒன்று உண்டு. புதிய ஜீன்ஸின் உட்புறத்தை உலர்ந்த வெள்ளைத் துணியினாற் பத்துமுறை முன்னும் பின்னுமாய்த் தேய்த்துப் பாருங்கள். பின்னர் ஈரத்துணியினால் அவ்வாறே செய்யுங்கள். ஈரத்துணியிலேதான் நீலம் மிகுதியாய் ஏறக் காண்பீர்கள். துணி ஆலைகளும் இதே அடிப்படையிற் கருவி கொண்டு சோதித்து, 1 முதல் 5 வரை தரமிடுகின்றன. 5 என்பது சாயம் பெயராத துணி. உங்கள் சோதனையில் நீலம் மிகுதியாய் வருமாயின், அவ்வாடையைத் தனியே இரண்டு மூன்று முறை தோய்த்து உலர்த்திய பின்னரே அணியுங்கள். மழையில் நனைந்து வந்த நாளில் ஆசனத்தின்மேல் ஒரு வெள்ளைத் துவாயை விரித்து அமருங்கள்.

பெற்றோருக்கும் வண்டிச் சொந்தக்காரருக்கும் ஒரு வேண்டுகோள். நூலின் மேற்புறத்தில் மட்டும் சாயம் நிற்பது அத்துணியின் இயல்பு. அதை அணிந்த பிள்ளையின் குற்றமன்று, வண்டியை ஓட்டிய சாரதியின் குற்றமுமன்று. சாரதி கறையைக் கண்டவுடன் அஞ்சாது வந்து சொல்லக்கூடிய நிலை இருந்தால், அன்றே துடைத்துவிடலாம். கூலி வெட்டப்படும் என்று அஞ்சி அவர் உறையால் மூடி மறைத்துவிட்டால், மாதங்கள் கழித்து அது ஆறாக் கறையாய் வெளிப்படும். பிள்ளைகளின் நிலையும் இதுவே. கடுஞ்சொல்லுக்கு அஞ்சும் வீட்டிற் கறைகள் மறைக்கப்படுகின்றன. மறைக்கப்பட்ட கறையே ஆழமாய் ஊறுகின்றது. ஆகவே, கறையைக் கண்டதும் குரலை உயர்த்தாது, வெள்ளைத் துணியையும் இளஞ்சூட்டு நீரையும் எடுத்து வாருங்கள்.